இருபது பாயிண்ட், எத்தனை ஷாட்டில்?

ஐ.பி.எல். சீசன்ல ஹாஸ்டல் டிவி ரூமுக்குள்ள போய் "அவன் முப்பது அடிச்சான்"னு சொல்லிப் பாருங்க. அடுத்த நொடியே நாலு பேர் கேப்பாங்க: "எத்தனை பால்ல?" பன்னிரண்டு பந்தில் முப்பது என்றால் விசில். முப்பத்தஞ்சு பந்தில் முப்பது என்றால் திட்டு. ரன் மட்டும் சொன்னா பாதி விஷயம்தான்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்.

அதே ரூம்ல, "நேத்து பாஸ்கெட்பால் மேட்ச்ல அண்ணன் இருபது பாயிண்ட்"னு சொன்னா, "செம"ன்னு சொல்லிட்டுச் சாப்பிடப் போயிடுவோம். எத்தனை ஷாட்லன்னு யாரும் கேக்க மாட்டோம். பத்து ஷாட்டில் இருபதா, முப்பது ஷாட்டில் இருபதா? கேட்டாலும் பதில் கிடைக்காது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

புது ஜெர்சி கேட்பதற்கு முன்னாடி, நம்ம டீம் பெஞ்சுக்கு ஒரு நோட்டும் அதை நிரப்ப ரெண்டு பேரும் வேணும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வர்றது அவ்வளவுதான். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கும், கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் இருக்கு.

பஸ்ஸில் நடந்த போஸ்ட்மார்ட்டம்

போன செமஸ்டர் ஜோனல் மேட்ச்ல தோத்துட்டு மேலூர் திரும்பிய சாயங்காலம். மாட்டுத்தாவணியில் ஏறும்போது யாரும் பேசல. ஒத்தக்கடை வர்றதுக்குள்ள தீர்ப்பு வந்துருச்சு: "ஷூட்டிங் இல்ல மாப்ள, அவ்ளோதான்." வெள்ளரிப்பட்டி தாண்டும்போது தண்டனையும் முடிவாகிருச்சு. "அடுத்த மேட்ச்ல அவனை உக்கார வைக்கணும். மொத்தமே நாலு பாயிண்ட். ஒண்ணுமே பண்ணல."

'அவன்' ஒரு தேர்ட் இயர் தம்பி. பஸ்ஸின் கடைசி சீட்டில் ஜன்னல் பக்கம் உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் வந்தான்.

நான் அன்னைக்கு ஆடவில்லை. முந்தின வாரம் பிராக்டிஸில் கணுக்கால் பிசகி, பெஞ்சில் தண்ணி பாட்டில்களுக்குப் பக்கத்தில் இருந்தேன். பொழுது போகாமல் ஒரு நோட்டில் கட்டம் போட்டு, யார் ஷாட் போட்டாங்க, போச்சா, ரீபவுண்ட் யாருக்கு, பந்தை யார் விட்டாங்கன்னு குறிச்சுக்கிட்டே இருந்தேன். அந்த நோட்டு பஸ்ஸில் என் பேக்கில்தான் இருந்தது. எடுக்கவில்லை. எல்லாரும் கோபத்தில் இருக்கும்போது நோட்டை நீட்டினா, "வந்துட்டான்டா சயின்டிஸ்ட்"னு ஓட்டுவாங்க என்ற பயம்.

ஸ்கோர்ஷீட்டில் எது இல்லை?

நம்ம மேட்ச் எல்லாவற்றுக்கும் ஒரு அதிகாரப்பூர்வ ஸ்கோர்ஷீட் உண்டு. சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபாவின் மாதிரியில் அமைந்த பெரிய தாள். அதில் யார் எப்போது பாயிண்ட் எடுத்தார், யாருக்கு எத்தனை ஃபவுல், டைம்-அவுட் எத்தனை என்பதெல்லாம் இருக்கும். ஆட்டத்தை முறையாக நடத்தி, ஜெயித்தது யார் என்று சொல்ல அது போதும்.

ஆனால் அந்தத் தாளில் தவறிய ஃபீல்டு கோலுக்குக் கட்டம் கிடையாது. ரீபவுண்டுக்கு இடம் கிடையாது. டிராவல் பண்ணியோ, எதிராளி கையில் பாஸ் கொடுத்தோ தொலைத்த பந்துக்கும் இடம் கிடையாது. நாற்பது நிமிஷ ஆட்டத்தில் வலைக்குள் விழுந்த பந்துகள் மட்டும்தான் அதில் வாழும். மீதி எல்லாம் நம்ம ஞாபகத்தை நம்பித்தான். தோத்துட்டு வரும்போது ஞாபகம் எப்படி வேலை செய்யும்னு அந்த பஸ் பயணம் எனக்குக் காட்டிருச்சு.

இது நம்ம காலேஜ் அளவில் மட்டும் உள்ள குறை இல்லை. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை பதினெட்டு ஆண்டுகள் இந்தியாவுக்காக ஆடியவர், அணியின் கேப்டனாக இருந்தவர், 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அப்படிப்பட்ட ஒருவர் ஓர் உள்ளூர் ஆட்டத்தில் சக வீராங்கனைகளுக்குத் திறந்துவிட்ட ஷாட்டுகளுக்கும், எதிரணியிடமிருந்து பறித்த பந்துகளுக்கும் இந்த ஸ்கோர்ஷீட்டில் இடமே இல்லை. பெரியகுளத்தில் நடக்கிற அகில இந்தியப் போட்டியில் நேவி டீமும் பேங்க் டீம்களும் மோதுவதைப் பார்க்க இங்கிருந்தே வண்டி பிடித்துப் போகிற கூட்டம் உண்டு. திரும்பி வரும்போது கதை கொண்டு வருவோம், ஸ்கோர் கொண்டு வருவோம். ஏன் ஜெயிச்சாங்க என்பதற்கு மட்டும் ஆளுக்கொரு காரணம் சொல்வோம்.

ஒரு சின்னக் கணக்கு

நம்ம டீமின் உண்மையான எண்களை இங்கே போடப் போவதில்லை. அவை டீமுக்குச் சொந்தம், அவங்களைக் கேட்காம மேகஸின்ல போடறது சரியில்லை. புரிவதற்காக ஒரு கற்பனை ஆட்டத்தை எடுத்துக்கலாம்.

நாம் 48 ஷாட் போட்டு 20 போட்டோம், அதில் 4 மூன்று-பாயிண்ட். ஃப்ரீ த்ரோ 10-க்கு 6. மொத்தம் 50 பாயிண்ட். எதிரணி 60 ஷாட் போட்டு 24 போட்டது, அதிலும் 4 மூன்று-பாயிண்ட். ஃப்ரீ த்ரோ அவங்களுக்கும் 10-க்கு 6. மொத்தம் 58. எட்டு பாயிண்டில் தோல்வி.

இப்ப பஸ்ஸில் என்ன பேசுவோம்? "அவன் 24 ஷாட் போட்டான், நம்ம 20. ஷூட்டிங் வேஸ்ட்." ஆனால் சதவீதம் போட்டுப் பாருங்க. அவங்க 60-க்கு 24, அதாவது 40 சதவீதம். நாம 48-க்கு 20, ஏறக்குறைய 42 சதவீதம். நாமதான் நல்லா ஷூட் பண்ணியிருக்கோம்!

அப்புறம் எப்படித் தோத்தோம்? அவங்களுக்கு 12 ஷாட் கூடுதலாகக் கிடைத்தது. எங்கிருந்து வந்தது? நாம் 20 முறை பந்தைத் தொலைத்தோம், அவங்க 12 முறை. அதில் எட்டு. அவங்க தங்கள் தவறிய ஷாட்டிலிருந்து 12 ரீபவுண்ட் திரும்ப எடுத்தாங்க, நாம 8. அதில் நாலு. எட்டும் நாலும் பன்னிரண்டு.

நோய் டர்ன்ஓவரிலும் ரீபவுண்டிலும் இருக்கு. நாம மருந்து ஷூட்டிங்குக்குக் கொடுக்கிறோம். அடுத்த வாரம் முழுக்க ஆளுக்கு இருநூறு ஷாட் பிராக்டிஸ். அதுக்கடுத்த மேட்ச்ல மறுபடியும் தோல்வி. மறுபடியும் அதே பஸ், அதே தீர்ப்பு.

நாலு கேள்வி

இதை முறையாக்கிய முக்கியமான ஆள் டீன் ஆலிவர். நம்ம இனம்தான், இன்ஜினியர். அமெரிக்காவின் கால்டெக்கில் படித்து, சுற்றுச்சூழல் பொறியியலில் டாக்டரேட் வாங்கியவர். பாஸ்கெட்பால் மேல் இருந்த பைத்தியத்தில் ஒரு புத்தகம் எழுதினார். 2004-இல் சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் அணி அவரை வேலைக்கே எடுத்துக்கொண்டது.

ஒரு டீம் ஜெயிக்குமா என்பதை நாலு விஷயத்தில் அடக்கலாம் என்றார் அவர். முதலாவது ஷூட்டிங். இதில் ஒரு திருத்தம் உண்டு: மூன்று-பாயிண்ட் ஷாட்டை ஒன்றரை ஷாட்டாக எண்ணணும். பத்து டூ-பாயிண்டில் அஞ்சு போனா பத்து பாயிண்ட். பத்து த்ரீ-பாயிண்டில் நாலே போனாலும் பன்னிரண்டு. வெறும் சதவீதம் பார்த்தா ரெண்டாவது ஆள் மோசமாத் தெரிவான், உண்மையில் அவன்தான் லாபம். இரண்டாவது, பந்தைத் தொலைக்காமல் இருப்பது. மூன்றாவது, தவறிய ஷாட்டின் ரீபவுண்ட். நான்காவது, ஃப்ரீ த்ரோ வாங்கிப் போடுவது. ஆலிவர் இவற்றுக்குத் தோராயமாக 40, 25, 20, 15 என்று எடை கொடுத்தார். இந்த நாலையும் நமக்கும் பார்க்கணும், எதிரணிக்கும் பார்க்கணும். மொத்தம் எட்டு எண். ஒரு டீமின் பலம், பலவீனம் ரெண்டும் அந்த எட்டில் பெரும்பாலும் தெரிஞ்சிரும்.

கூடவே இன்னொரு விஷயம், பொசஷன். அதாவது, பந்து நம்ம கைக்கு வந்து, நம்மை விட்டுப் போகும் வரை ஒன்று. வேகமாக ஓடி ஆடுகிற டீம் 80 பாயிண்ட் எடுக்கும், 85 கொடுக்கும். நிதானமாக ஆடுகிற டீம் 50 எடுக்கும், 45 கொடுக்கும். முதல் டீமுக்கு அட்டாக் சூப்பர், ரெண்டாவதுக்கு டிஃபென்ஸ் சூப்பர்னு சொல்லிடுவோம். அப்படி இருக்கணும்னு அவசியமே இல்லை. ஒரு பொசஷனுக்கு எத்தனை பாயிண்ட்னு வகுத்தாத்தான் உண்மை தெரியும். என்.பி.ஏ.வில் ஆட்டம் 48 நிமிஷம், நமக்கு 40. அந்த எண்களோடு ஒப்பிடணும்னாலும் இந்த வகுத்தல்தான் வழி. மேலே சொன்ன கற்பனை ஆட்டத்தில் ரெண்டு டீமுக்கும் தலா 64 பொசஷன் வரும். நாம அதில் இருபதைத் தொலைச்சோம். மூணுக்கு ஒண்ணு கிட்டத்தட்ட.

எண்ணிலும் வராதவன்

இப்ப அந்தத் தேர்ட் இயர் தம்பிக்கு வருவோம்.

ஷாட் போகும்போது எதிரணியின் உயரமான ஆளை முதுகால் தடுத்து வெளியே தள்ளி நிற்பது பாக்ஸ்-அவுட். அவன் தடுத்து நிற்பான், பந்தை இன்னொருத்தன் எடுப்பான். ரீபவுண்ட் எடுத்தவன் கணக்கில் ஏறும். தடுத்தவனுக்கு ஒண்ணும் கிடையாது. ஸ்க்ரீன் போட்டு வழி விடுபவனுக்கும் இதே கதிதான்.

மைக்கேல் லூயிஸ் 2009-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் ஷேன் பாட்டியர் என்ற ஹூஸ்டன் ராக்கெட்ஸ் வீரரைப் பற்றி ஒரு பிரபலமான கட்டுரை எழுதினார். பாட்டியரின் சாதாரண எண்கள் சுமார்தான். ஆனால் அவர் உள்ளே இருக்கும்போது அவர் டீம் மேலே போகும், எதிரணியின் ஸ்டார் திணறுவார். இதைப் பிடிக்கத்தான் ப்ளஸ்-மைனஸ்: ஒருவர் களத்தில் இருக்கும் நேரத்தில் நாம் எடுத்த பாயிண்ட்டில் இருந்து நாம் கொடுத்த பாயிண்ட்டைக் கழிப்பது. யார் எப்போது உள்ளே போனார், வெளியே வந்தார், அப்போது ஸ்கோர் என்ன என்று குறித்தாலே இது கிடைத்துவிடும்.

என் நோட்டில் அந்தத் தம்பி பேருக்கு நேரே டர்ன்ஓவர் கட்டம் காலியாக இருந்தது. நிரம்பி வழிந்த கட்டங்கள், பஸ்ஸில் சத்தமாகப் பேசியவர்களுடையவை. அதுக்காக அவங்களைக் குற்றவாளியாக்கவும் கூடாது. பந்தைக் கொண்டு போகிறவனிடம்தான் பந்து தொலையும், அது அந்தப் பொறுப்போடு வர்றது. ஆனால் "ஒண்ணுமே பண்ணல" என்ற தீர்ப்பு பொய் என்பதற்கு அந்தக் காலிக் கட்டமே போதும்.

மேட்ச் முடிஞ்சு மூணு நாள் அவன் கிரவுண்டுக்கு வரல. நாலாம் நாள் அவன் ரூமுக்குப் போய் நோட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு ஒண்ணுதான் கேட்டான்: "அண்ணே, இதை அன்னைக்கு பஸ்லயே காட்டியிருக்கலாம்ல?"

என்கிட்ட பதில் இல்லை.

"நம்பர் பாத்து ஆட முடியுமா?"

எங்க பி.டி. சார் கேட்டது இது. நியாயமான கேள்வி. அவருடைய கண்ணுக்கு என் நோட்டு ஈடாகாது. ஒரு பாஸ் அரை நொடி தாமதமா வந்ததாலதான் அந்த ஷாட் தவறிச்சுன்னு அவருக்குத் தெரியும். என் நோட்டில் ஷூட்டர் பேரில் ஒரு பெருக்கல் குறி மட்டும் இருக்கும். என்ன நடந்ததுன்னு எண் சொல்லும். ஏன் நடந்ததுன்னு ஆட்டம் தெரிஞ்சவர்தான் சொல்லணும். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உக்காரணும்.

எண்ணை அளவுக்கு மீறி நம்பும் ஆபத்தும் உண்மை. நாம் படித்த பைனாமியல் டிஸ்ட்ரிபியூஷனைப் பரீட்சைக்கு வெளியே ஒரு தடவை பயன்படுத்துவோம். நூறுக்கு ஐம்பது போடக்கூடிய நல்ல ஷூட்டர் ஒருத்தன். அவன் ஒரு ஆட்டத்தில் பத்து ஷாட் போட்டால், மூணோ அதற்குக் குறைவோதான் போகும் என்பதற்கு 17 சதவீத வாய்ப்பு. ஆறு ஆட்டத்துக்கு ஒரு ஆட்டம், எந்தத் தப்பும் பண்ணாமலே அவன் மோசமாத் தெரிவான். 35 சதவீத ஷூட்டர் ஒருத்தன் பத்துக்கு அஞ்சோ அதற்கு மேலோ போட்டு ஹீரோ ஆக 25 சதவீத வாய்ப்பு. ஒரு மேட்ச்சை வைத்து ஆளை மாத்தினா, பாதி நேரம் நாம அதிர்ஷ்டத்தைத்தான் தண்டிக்கிறோம். ப்ளஸ்-மைனஸ் இன்னும் மோசம்: ஸ்டாரோட சேர்ந்தே எப்போதும் ஆடுபவனுக்கு ஸ்டாரின் புண்ணியமும் வந்து சேரும். அதைப் பிரிக்க ரிக்ரெஷன் வேணும், ரிக்ரெஷனுக்கு நிறைய ஆட்டம் வேணும்.

பெரிய இடத்திலும் இது நடக்கும். பாட்டியர் காலத்திலிருந்தே டேட்டாவுக்குப் பேர்போன அதே ஹூஸ்டன் ராக்கெட்ஸ், 2018 வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் ஃபைனலின் ஏழாவது ஆட்டத்தில் 44 த்ரீ-பாயிண்ட் போட்டு 7 மட்டுமே போட்டது. அதில் தொடர்ந்து 27 தவறின. 101-92 என்று கோல்டன் ஸ்டேட்டிடம் தோல்வி. அவங்க கணக்கு தப்புன்னு அந்த ஒரு ராத்திரி நிரூபிக்கல. ஆனா நல்ல கணக்கும் ஒரு ராத்திரி கைவிடும்னு நிரூபிச்சுச்சு.

அமெரிக்க முடிவை அப்படியே இங்கே இறக்கவும் முடியாது. அவங்க ஆடுறது கூரைக்குக் கீழே, மரத் தரையில். நம்ம சிமென்ட் கோர்ட்டில் நாலரை மணி வெயில் ஒரு பக்க ரிங்கைப் பார்க்கவே விடாது. ஆடி மாசக் காத்துல த்ரீ-பாயிண்ட் எந்தப் பக்கம் போகும்னு பந்துக்கே தெரியாது. அதனால்தான் சொல்றேன், இரவல் எண் வேண்டாம். நம்ம கோர்ட்டின் எண்ணை நாமதான் எடுக்கணும்.

இன்னொரு சிஜிபிஏ வேண்டாம்

கடைசியா ஒரு எச்சரிக்கை, எனக்கும் சேர்த்து. ஒரே எண்ணில் ஆளை அடக்கினால் எப்படி இருக்கும்னு நம்மளை விட நல்லாத் தெரிஞ்சவங்க யாரு? சிஜிபிஏ கட்-ஆஃப் போட்டு பிளேஸ்மென்ட் ஹாலுக்கு வெளியே நிக்க வைக்கும்போது எவ்வளவு கோபப்படுறோம்! அதையே கிரவுண்டில் நாம செய்யக்கூடாது. நோட்டில் எடுக்கிற எண்ணை ரேங்க் லிஸ்ட் ஆக்கி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால், அடுத்த மேட்ச்சில் கடைசி நொடியில் தூரத்திலிருந்து ஷாட் போட வேண்டியவன் தன் சதவீதம் கெட்டுடும்னு போடாமல் நிப்பான்.

அதனால் சில விதிகளை முன்வைக்கிறேன். டீமின் எண்ணை எல்லாரிடமும் பேசலாம். தனி ஆளின் எண்ணை முதலில் அந்த ஆளிடம் காட்டணும். அஞ்சு ஆட்டம் சேராம யாரைப் பத்தியும் முடிவெடுக்கக் கூடாது, சேர்ந்த பிறகும் பி.டி. சாரும் கேப்டனும் உக்காந்து பேசித்தான் எடுக்கணும். பாய்ஸ் டீமுக்கு எழுதுற அதே நோட்டு கேர்ள்ஸ் டீமுக்கும் எழுதப்படணும்.

செய்யறது ரொம்ப சுலபம். ஒருத்தர் பார்த்துச் சொல்லணும், ஒருத்தர் எழுதணும். கோர்ட் படம் வரைஞ்சு, போனா வட்டம், போகலேன்னா பெருக்கல். பந்து தொலைந்தால் எப்படித் தொலைந்தது: பாஸா, டிராவலா, பறிச்சுட்டானா? ரீபவுண்ட் எந்தப் பக்கம்? ஆள் மாறும்போது ஸ்கோர். ராத்திரி கூகுள் ஷீட்டில் ஏத்த அரை மணி நேரம்.

ஏ.ஐ.டி.எஸ். பசங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. மினி புராஜெக்ட்னு சொன்னதும் எல்லாரும் டைட்டானிக் டேட்டாசெட்டை டவுன்லோடு பண்றோம். 1912-இல் கப்பலில் யார் பிழைச்சாங்கன்னு நம்ம மாடல் சரியாச் சொல்லுது. ரெண்டாவது பாதியில் நம்ம டீம் ஏன் மூழ்குதுன்னு சொல்ல ஒரு வரி டேட்டா நம்மகிட்ட இல்லை. கிரவுண்டு ஹாஸ்டலுக்குப் பின்னாடிதான் இருக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு பிராக்டிஸ் மேட்ச். எனக்குக் கணுக்கால் சரியாயிடுச்சு, நான் உள்ளே ஆடணும். அந்தத் தம்பியும் ஆடறான். பெஞ்சில் நோட்டு இருக்கும், எழுத ரெண்டு பேர் வேணும். பாஸ்கெட்பால் ரூல்ஸ் தெரியாட்டியும் பரவாயில்ல, பத்து நிமிஷத்துல சொல்லித் தர்றேன். பேனா மட்டும் எடுத்துட்டு வாங்க.